ஆசிரியர் பயிற்சித் துறைக்கு நன்கொடை கேட்கப் போய் மூக்குடைபட்டேன், வழி சொல்லுங்கள்

சாக்பீஸ்தூள் (கேள்வி)

வணக்கம். ஒரு பல்கலைக்கழகத்தில் கல்வியியல் துறையில் வேலை பார்க்கிறேன். பாடம் நடத்தத் தெரியும், காசு கேட்கத் தெரியாது. போன வருடம் துறைக் கூட்டத்தில் "நிதி திரட்ட ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும்" என்று பேச்சு வந்த நேரத்தில் நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். வாய் நிறையத் தண்ணீர், மறுப்புச் சொல்ல முடியவில்லை. இந்தப் பொறுப்புக்கு என் தகுதி அவ்வளவுதான்.

பணம் எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் மாணவர்கள் கடைசி வருடத்தில் 16 வாரம் பள்ளிக்குப் போய்ப் பாடம் எடுக்க வேண்டும். காலை மணி அடிக்கும் முன் அங்கே இருக்க வேண்டும். சாயங்காலம் நோட்டுத் திருத்தி, மறுநாளைக்குப் பாடக்குறிப்பு எழுதி, தேவையான அட்டைகளை வெட்டி முடிக்க இரவாகிவிடும். சம்பளம் கிடையாது. அதுவரை பகுதிநேர வேலை பார்த்து வாடகை கட்டியவர்கள் அந்த வேலையை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். அதாவது வரவு நிற்கும் அதே மாதத்தில் செலவு ஏறுகிறது. படிப்பை விட்டுப் போகிறவர்களில் பலர் இந்த 16 வாரத்தில்தான் போகிறார்கள்.

ஒரு பையனுடைய பாடக்குறிப்பு நோட்டு இன்னும் என் மேசையில் இருக்கிறது. ஆறாவது வாரம், புதன்கிழமை, பின்னங்கள். "செயல்பாடு: தாளை நாலாக மடித்தல்" என்று எழுதி, ஓரத்தில் பென்சிலால் தனக்கே ஒரு குறிப்பு: "32 தாள் வெட்டி வைக்கணும், 2 எக்ஸ்ட்ரா." அடுத்த பக்கத்தில் வியாழக்கிழமை என்று தேதி மட்டும் போட்டிருக்கிறது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அவன் பாடம் எடுப்பதைப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தவன் நான். நல்ல ஆசிரியராக வந்திருப்பான்.

சரி, நிதிக்கு வருகிறேன். 640 முன்னாள் மாணவர்களுக்குக் கடிதம் அனுப்பினோம். வழவழ தாள், துறைக் கட்டடத்தின் படம், முதல் பத்தியில் துறையின் பெருமை. இரண்டாவது பத்தியில், 2030க்குள் உலகத்துக்கு இன்னும் 4.4 கோடி ஆசிரியர்கள் தேவை என்று யுனெஸ்கோ சொன்னதைப் போட்டேன். அந்த எண்ணைப் படித்தால் யாரும் அசைந்துவிடுவார்கள் என்று நம்பினேன். பணம் தந்தவர்கள் 11 பேர். அதில் மூன்று பேர் எங்கள் துறைக்காரர்களே. தொண்ணூற்றுச் சொச்சம் கடிதம் முகவரி சரியில்லை என்று திரும்பி வந்தது.

ஒரே ஒரு முன்னாள் மாணவி போன் செய்தார். "பத்தொன்பது வருஷமா ஒரு கடுதாசி கிடையாது. இப்ப காசுக்குத்தான் ஞாபகம் வந்துச்சா சார்?" என்னிடம் பதில் இல்லை.

இப்போது என் குழப்பங்கள். எங்கள் முன்னாள் மாணவர்கள் எல்லோரும் ஆசிரியர்கள், கோடீஸ்வரர்கள் இல்லை. அவர்களிடம் கேட்பதே சரிதானா? நிர்வாகத்தில் சிலர், "ஸ்மார்ட் வகுப்பறை கட்டுவோம், வாசலில் பெயர்ப்பலகை வைப்போம், பெரிய ஆட்கள் தருவார்கள்" என்கிறார்கள். எனக்குப் பயிற்சி மாணவர்களுக்கு உதவித்தொகை தர வேண்டும் என்றுதான் இருக்கிறது. வருகிற பணத்தை அப்படியே செலவழிப்பதா, முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் எடுக்கிற மாதிரி நிரந்தர நிதியாக வைப்பதா? இந்த வேலையைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

ரசீதுப்புத்தகம்

சாக்பீஸ்தூள் சார், ஒரு பல்கலைக்கழக நன்கொடைப் பிரிவில் 22 வருடம் இருந்து ஓய்வு பெற்றவள் நான். உங்கள் கதையில் நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. அது உங்கள் கண்ணில் படவில்லை. திட்டிய அந்த அம்மாதான் உங்கள் முதல் புரவலர். உறவே வேண்டாம் என்று நினைப்பவர் கடிதத்தைக் குப்பையில் போட்டுவிட்டுப் போய்விடுவார். போனை எடுத்து, எண்ணைத் தேடி, வருடக் கணக்கைத் துல்லியமாகச் சொல்லிச் சண்டை போடுகிறவருக்குத் துறை மேல் இன்னும் உரிமை இருக்கிறது. நாளைக்கே அவரைக் கூப்பிடுங்கள். காசைப் பற்றிப் பேசாதீர்கள். "நீங்கள் சொன்னது சரி" என்று ஆரம்பித்து, அவர் பயிற்சிக்குப் போன பள்ளியில் என்ன நடந்தது என்று கேளுங்கள். எந்த ஆசிரியரும் முதல் வகுப்பை மறந்ததில்லை.

அப்புறம் அந்தக் கடிதம். 4.4 கோடி என்ற எண்ணைப் பார்த்தால் மனசு மரத்துத்தான் போகும். ஸ்மால், லோவன்ஸ்டைன், ஸ்லோவிக் என்ற மூன்று பேர் 2007ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சிலருக்கு ஆப்பிரிக்காவின் பசி பற்றிய புள்ளிவிவரங்களைக் கொடுத்தார்கள். சிலருக்கு மாலி நாட்டுச் சிறுமி ஒருத்தியின் கதையை மட்டும் கொடுத்தார்கள். சிறுமியைப் பற்றிப் படித்தவர்கள் அதிகம் தந்தார்கள். இதை ஓரளவு யாரும் ஊகித்துவிடலாம். ஊகிக்க முடியாதது இன்னொன்று: சிறுமியின் கதையோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது நன்கொடை குறைந்துவிட்டது. எண் வந்து கதையைக் கெடுத்துவிட்டது.

உங்களிடம் "2 எக்ஸ்ட்ரா" என்று பென்சிலால் எழுதிய நோட்டு இருக்கிறது. அதை மேசையில் வைத்துக்கொண்டு கட்டடத்தின் படத்தை அனுப்பியிருக்கிறீர்கள்! அந்தப் பையனிடம் அனுமதி வாங்குங்கள். பெயர், ஊர் எதுவும் வேண்டாம். நோட்டின் அந்தப் பக்கம் போதும்.

அடுத்தது, பூஜ்யத்திலிருந்து பொதுவில் கேட்காதீர்கள். அமெரிக்காவில் சென்ட்ரல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்குக் கணினி வாங்க நிதி திரட்டியதை ஜான் லிஸ்ட், டேவிட் லக்கிங்-ரைலி என்ற இரண்டு பொருளாதாரக்காரர்கள் சோதனைக் களமாக எடுத்துக்கொண்டார்கள், 2002ல் வெளிவந்தது. ஒரு கூட்டத்தாரிடம் "தேவையில் 10 சதவீதம் ஏற்கெனவே கையில் இருக்கிறது" என்றார்கள், இன்னொரு கூட்டத்தாரிடம் "67 சதவீதம் கையில் இருக்கிறது" என்றார்கள். இரண்டாவது கூட்டத்தாரிடமிருந்து வந்த பணம் கிட்டத்தட்ட ஆறு மடங்கு. ஓடுகிற வண்டியில்தான் ஜனங்கள் ஏறுவார்கள். அதனால் முதல் இரண்டு மூன்று மாதம் யாருக்கும் கடிதம் போடாமல், ஓய்வு பெற்ற பேராசிரியர்கள், நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள், உங்கள் மாணவர்களை வேலைக்கு எடுக்கிற பள்ளிகளை நடத்துகிறவர்கள் என்று பத்துப் பதினைந்து பேரை நேரில் போய்ப் பாருங்கள். இலக்கில் பாதியாவது சேர்ந்த பிறகு மற்றவர்களுக்கு எழுதுங்கள்.

அந்தப் பத்துப் பேரில் யாராவது, "நீங்கள் திரட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் நான் ஒரு ரூபாய் போடுகிறேன்" என்று சொன்னால் விடாதீர்கள். டீன் கார்லனும் இதே லிஸ்டும் சேர்ந்து 50,000 பேருக்குக் கடிதம் போட்டு 2007ல் எழுதினார்கள்: இப்படி ஈடு போடுவதாகச் சொன்னாலே தருகிறவர்களின் எண்ணிக்கை 22 சதவீதம் கூடியது. ஆனால் ஒன்றுக்கு ஒன்று என்பதை ஒன்றுக்கு மூன்று என்று உயர்த்தியதால் கூடுதல் பலன் ஒன்றும் இல்லை. ஆகவே அந்தப் பெரிய மனிதரிடம் மூன்று மடங்குக்கு மல்லுக்கட்ட வேண்டாம். ஒரு மடங்கு போதும்.

நிரந்தர நிதியா, செலவா என்று கேட்டிருந்தீர்கள். நிரந்தர நிதியிலிருந்து வருடத்துக்கு 4 முதல் 5 சதவீதம் எடுப்பதுதான் பரவலான பழக்கம். பணத்தில் கணக்குப் போடாதீர்கள், வாரத்தில் போடுங்கள். உதவி தேவைப்படும் மாணவர்கள் 12 பேர் என்றால், ஆளுக்கு 16 வாரம், மொத்தம் 192 வாரம். இதை 4 சதவீத வட்டியிலிருந்தே தர வேண்டுமானால் 4,800 வாரத்துக்கான பணம் முதலில் சேர வேண்டும். அது சேரும்வரை எத்தனை நோட்டுகளில் வியாழக்கிழமைப் பக்கம் காலியாகக் கிடக்கும்? இந்த வருடத்துக்கு 192 வாரம் என்று மட்டும் கேளுங்கள். சொத்தில் ஒரு பங்கு எழுதி வைக்க நினைக்கிறவர், வேலையிலிருந்து ஓய்வு பெறும்போது ஒரு தொகையாகத் தருகிறவர், இவர்களுக்கு மட்டும் நிரந்தர நிதியைக் காட்டுங்கள்.

இன்னொரு லாபமும் இதில் உண்டு. "ஒரு வாரம்" என்பது ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டுகிற அளவு. ஒருவர் ஒரு வாரம் தரலாம், நாலு நண்பர்கள் சேர்ந்து ஒரு வாரம் தரலாம். யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

பெயர்ப்பலகை கேட்கும் ஆளை விரட்டவும் வேண்டாம். வகுப்பறைக்குப் பதில் உதவித்தொகைக்கு அவர் பெயரை வையுங்கள். பாதிப்பேர் ஒத்துக்கொள்வார்கள், என் அனுபவத்தில். ஆனால் பாடநூல் விற்கும் கம்பெனி, செயலி விற்கும் கம்பெனி பெரிய தொகையோடு வந்தால் ஒரு நாள் தள்ளிப்போட்டு யோசியுங்கள். நாளைக்கு உங்கள் மாணவர்கள் வகுப்பில் எதைப் பயன்படுத்த வேண்டும் என்று அவர்கள் சொல்ல ஆரம்பிப்பார்கள். எந்தப் பணத்தை வாங்க மாட்டோம் என்று ஒரு பக்கத்தில் எழுதி, பணம் வருவதற்கு முன்பே நிர்வாகத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வந்த பிறகு எழுதினால் யாருக்கும் கை வராது.

---

பழையபெஞ்சு

நீங்கள் கடிதம் போட்ட 640 பேரில் நான் இல்லை, ஆனால் அதே ஜாதி. ஏழாம் வகுப்பு ஆசிரியை, பதினாலு வருட சர்வீஸ். நான் படித்த இடத்திலிருந்து எனக்கும் இப்படிக் கடிதம் வரும். "எதிர்காலத்தைச் செதுக்கும் சிற்பியே!" என்று ஆரம்பிக்கும். சிற்பியின் இனிஷியல் தப்பாக இருக்கும். கல்யாணத்துக்கு முன் இருந்த முகவரிக்குப் போய், அங்கிருந்து அம்மா போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்.

நான் தர ஆரம்பித்தது வேறு மாதிரி. ஒரு வருடம் அங்கிருந்து போன் வந்தது. காசு கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். "உங்கள் வகுப்பில் ஒரு பயிற்சி மாணவியை உட்கார வைக்கலாமா?" என்று கேட்டார்கள். சரி என்றேன். வந்தவள் முதல் நாள் கரும்பலகையில் எழுதும்போது கை நடுங்கியது எனக்குப் பின்னாலிருந்தே தெரிந்தது. மூன்றாவது வாரம் பார்க்கிறேன், மதிய இடைவேளையில் ஓய்வறைக்கு வராமல் வகுப்பிலேயே உட்கார்ந்துகொள்கிறாள். கையில் சாப்பாடு இல்லை என்று புரிய எனக்கு இரண்டு நாள் ஆனது. அவள் போன பிறகு நானே துறையைக் கூப்பிட்டு, "இப்படிப்பட்டவர்களுக்கு ஏதாவது நிதி வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். அன்றிலிருந்து மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போய்விடுகிறது. சின்னத் தொகைதான். போவது எனக்குத் தெரிவதுகூட இல்லை.

ஆசிரியரிடம் கேட்பது சரியா என்று தயங்குகிறீர்கள். அந்த 16 வாரம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் நாங்கள்தான். கேளுங்கள், ஆனால் முதலில் வேலையைக் கேளுங்கள், அப்புறம் காசைக் கேளுங்கள். உங்கள் பட்டியலில் எத்தனை பேர் பயிற்சி மாணவர்களை வகுப்பில் வைத்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு சின்னக் குறை, வந்ததற்குச் சொல்லிவிட்டுப் போகிறேன். வழிகாட்டி ஆசிரியருக்கு ஒரு நன்றிக் கடிதம்கூட வராத இடங்கள் உண்டு. அதற்கு நிதி தேவையில்லை, ஒரு தபால்தலை போதும்.

---

கணக்குவாத்தியார்

எல்லோரும் உருகுகிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன். ஆசிரியர்களை உருவாக்குவது அரசும் பல்கலைக்கழகமும் செய்ய வேண்டிய வேலை. நீங்கள் உண்டியல் குலுக்கி 192 வாரத்தைச் சேர்த்தால் என்ன நடக்கும் தெரியுமா? அடுத்த வருட பட்ஜெட்டில், "கல்வியியல் துறைக்குத்தான் நன்கொடை வருகிறதே" என்று அதே அளவு வெட்டுவார்கள். நான் இருந்த ஒரு நிறுவனத்தில் இது நடந்தது. நூலகத்துக்கு முன்னாள் மாணவர்கள் பணம் தந்தார்கள், மறு வருடமே நூலக ஒதுக்கீடு குறைந்தது. தந்தவர்கள் வாங்கியது புத்தகம் இல்லை, நிர்வாகத்தின் வேறு ஏதோ செலவை.

---

ரசீதுப்புத்தகம்

கணக்குவாத்தியார் ஐயா சொல்வது நிஜம், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அரசைத் தள்ளிவிடவும் நன்கொடையைப் பயன்படுத்த முடியும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் 1837ல் கல்வி வாரியம் அமைந்தபோது ஹோரஸ் மான் அதன் முதல் செயலர். ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கத் தனிப் பள்ளி வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார், பணம் இல்லை. 1838ல் எட்மண்ட் டுவைட் என்ற பாஸ்டன் தொழிலதிபர் 10,000 டாலர் தருவதாகச் சொன்னார். சும்மா இல்லை, சட்டமன்றம் அதே தொகையைப் போட்டால்தான் என்று நிபந்தனை. சட்டமன்றம் போட்டது. 1839 ஜூலையில் லெக்சிங்டனில் பள்ளி திறந்தது. முதல் நாள் வந்த மாணவிகள் எத்தனை பேர் தெரியுமா? மூன்று. அந்தப் பள்ளிதான் பின்னால் வளர்ந்து இன்றைக்கு ஃபிரேமிங்ஹாம் மாநிலப் பல்கலைக்கழகமாக இருக்கிறது.

ஆகவே சாக்பீஸ்தூள் சார், பெரிய தொகை தருகிறவரிடம் பேசும்போது இந்த நிபந்தனையை அவர் வாயாலேயே வரவழையுங்கள்: துறையின் இப்போதைய ஒதுக்கீடு குறையாத வருடங்களுக்குத்தான் என் பணம். அதை நன்கொடை ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும். கேட்டால் தர மாட்டார்கள் என்று நீங்கள் நினைக்கிற நிர்வாகம், பணம் கையை விட்டுப் போகும் என்றால் கையெழுத்துப் போடும்.

---

கணக்குவாத்தியார்

எழுத்தில் வாங்கினால் சரி. வாய்ப்பேச்சு என்றால் என் ஓட்டு இல்லை.

---

சாக்பீஸ்தூள்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

அந்த அம்மாவைக் கூப்பிட்டேன். முதல் பத்து நிமிடம் திட்டு. அப்புறம் அவர் முதல் வகுப்பில் கரும்பலகைத் துடைப்பான் கை நழுவி ஒரு குழந்தையின் தலையில் விழுந்த கதை. இப்போது அவர் தலைமையாசிரியர். நான் காசைப் பற்றிப் பேசவே இல்லை. போனை வைக்கும்போது அவரே, "எத்தனை பசங்களுக்கு வேணும்?" என்றார். தன் பேட்ச் ஆட்கள் 26 பேருடைய புது எண்களையும் அனுப்பினார். எங்கள் எக்ஸெல் பட்டியலில் அதில் 7 தான் சரியாக இருந்தது.

நோட்டுக்காரப் பையனையும் பிடித்துவிட்டேன். ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான். "பேர் போடாதீங்க சார், நோட்டைப் போட்டுக்கங்க" என்றான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தத் தாளை எல்லாம் வெட்டி வச்சிட்டுத்தான் சார் வந்தேன்" என்றான். அதற்கு என்ன பதில் சொல்வது?

கடிதத்தைத் திருத்தி எழுதியிருக்கிறேன், ஆரம்பம் இப்படி:

"இந்தப் படத்தில் இருப்பது எங்கள் மாணவர் ஒருவரின் பாடக்குறிப்பு நோட்டு. புதன்கிழமைப் பாடத்துக்கு 34 தாள்களை வெட்டி வைத்தார். வியாழக்கிழமை அவர் பள்ளிக்கு வரவில்லை. கையிலிருந்த காசு புதன்கிழமையோடு தீர்ந்துவிட்டது. பயிற்சி 16 வாரம். அவரால் ஆறு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. இந்த வருடம் 12 மாணவர்களுக்கு 192 வாரங்கள் தேவை. 81 வாரங்கள் சேர்ந்துவிட்டன. நீங்கள் ஒரு வாரம் தர முடியுமா?"

81 என்பது இன்றைய நிலவரம். ஓய்வு பெற்ற இரண்டு பேராசிரியர்களும் ஒரு பள்ளி நிர்வாகியும் பெரும்பகுதி தந்தார்கள். யுனெஸ்கோவை எடுத்துவிட்டேன், மனசில்லாமல்தான்.

ஒரு சந்தேகம். அந்தப் பையன் திரும்பி வந்து பயிற்சியை முடிக்க விதியில் இடம் இருக்கிறது. முதல் தொகையை அவனுக்கே தரலாமா?

---

ரசீதுப்புத்தகம்

கடிதம் நன்றாக இருக்கிறது. 96ஐத் தாண்டாமல் தபாலில் சேர்க்காதீர்கள், இன்னும் இரண்டு பேரைப் பாருங்கள். "தர முடியுமா?" என்பதற்குக் கீழேயே எப்படித் தருவது என்பதும் வரட்டும், பின்பக்கம் திருப்ப வைக்காதீர்கள். பணம் வந்த இரண்டு நாளுக்குள் யாராவது ஒருவர் போனில் நன்றி சொல்ல வேண்டும், மாணவர் ஒருவரே பேசினால் இன்னும் நல்லது. 16 வாரம் முடிந்ததும் எத்தனை பேர் முடித்தார்கள் என்று எல்லோருக்கும் எழுதுங்கள். ஒருவர் பாதியில் விட்டிருந்தால் அதையும் எழுதுங்கள்.

பையன் விஷயம். அவன் கதையை வைத்துப் பணம் கேட்டுவிட்டு, அவனுக்கு நீங்களே கொடுத்தால் கணக்குவாத்தியார் மாதிரி ஒருவர் கேள்வி கேட்பார், கேட்க வேண்டும். விண்ணப்பம் எல்லோருக்கும் திறக்கட்டும், பாதியில் விட்டவர்களும் போடலாம் என்று ஒரு வரி சேருங்கள். அவனும் போடட்டும். தேர்வுக் குழுவில் நீங்கள் உட்காராதீர்கள்.

---

சாக்பீஸ்தூள்

சேர்த்துவிட்டேன். குழுவில் நான் இல்லை, பழையபெஞ்சு மாதிரி வெளியே வேலை பார்க்கும் ஆசிரியர் இரண்டு பேரைப் போடச் சொல்லியிருக்கிறேன். விண்ணப்பப் படிவம் திங்கட்கிழமை வருகிறது.